மஞ்சள் கரைத்த ஸ்பிரிட்

ஸ்பிரிட் தண்ணீரைவிட எடை குறைந்தது. ஒரே அளவான இரண்டு பாட்டில்களில் ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் ஸ்பிரிட்டும் நிரப்பிக் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பார்த்தே எது எதுவென்று என் கணவர் சொல்லிவிடுவார். மலைக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் மூட்டை கட்டும்போது இதை ஒரு விளையாட்டாகவே செய்து காட்டுவார். “கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான் அம்மிணி. கைக்குத்தான் வித்தியாசம் தெரியும்” என்று சொல்லி, ஸ்பிரிட் பாட்டிலைத் தம் தோள்பையின் வெளிப்பக்கத்தில் நிமிர்த்திச் செருகுவார். உள்ளே வைத்துக் கசிந்தால் அரிசி வீணாகிவிடும் என்பது அவர் கணக்கு.

ஆண்டுதோறும் மாசி மாதக் கடைசியில் நாங்கள் இருவரும் முள்ளுக்குறிச்சியிலிருந்து கொல்லிமலைக்கு நடந்து ஏறுவோம். மலைமேல் ஆற்றங்கரையில் இருக்கும் சிவன் கோயிலே எங்கள் எல்லை. நேர்வழியில் போனால் விரைவில் எட்டிவிடலாம். நாங்கள் அப்படிப் போவதில்லை. குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று மலைக்காரர்கள் பிரித்து வைத்திருக்கும் நாடு நாடாகச் சுற்றி, மிளகுக் கொடிகளுக்கும் மரவள்ளிக் காடுகளுக்கும் இடையே நடந்து, தங்கும் இடந்தோறும் ஒரு பதிகம் ஓதி, நாட்கள் பல கழித்துத்தான் சந்நிதியை அடைவோம். அந்தப் பயணத்தில் எங்களுக்கு ஒரு நேமம் உண்டு. சந்நிதியில் நிற்கும் வரை பிறர் சமைத்ததை உண்பதில்லை. நீராடி, ஓதி, நானே பொங்கியதை இறைவனுக்குப் படைத்த பின்னரே உண்போம். ஆகவே எங்கள் மூட்டையில் அரிசிக்கும் பருப்புக்கும் முன்னதாக எரிபொருளுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிடும்.

தொடக்க காலத்தில் மூன்று கல் கூட்டிச் சுள்ளி பொறுக்கி எரித்தோம். கோடை முகத்தில் மலை முழுதும் சருகாகக் கிடக்கையில் அடுப்பு மூட்டக் கூடாதென்று வனக்காவலர்கள் தடுத்தார்கள். தடுத்தது நியாயமே. சிறிய கேஸ் உருளைகளை நகரத்தில் தேடி அலைய வேண்டும். தீர்ந்த பின்னும் வெறும் இரும்பைச் சுமக்க வேண்டும். மண்ணெண்ணெய் கசிந்தால் மூட்டை முழுதும் நாறும். பாலிடெக்னிக் பட்டறையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்த என் கணவர், குளிர்பான டின்கள் இரண்டின் அடிப்பாகத்தை வெட்டி, ஒன்றனுள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசித்துளையிட்டு ஓர் அடுப்பு செய்தார். உள்ளங்கையில் அடங்கும். அதனுள் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்துச் சிறிது பொறுத்தால், ஆவி துளைகளின் வழியே எழுந்து எரியத் தொடங்கும்.

எரிபொருளைத் திட்டமிடுவது அவருக்கு ஒரு வழிபாடு போலவே இருந்தது. கொல்லைப்புறத்தில் அளந்த கணக்கு மலைக்குச் செல்லாது என்பது அவர் முதலில் கண்டுகொண்டது. மேலே காற்று அடிக்கும். தண்ணீரே குளிர்ந்துதான் இருக்கும். விடியற்காலையில் ஸ்பிரிட் சில்லிட்டுப் போய்ப் பற்ற மறுக்கும். எழுந்ததும் பாட்டிலைச் சட்டைக்குள் வைத்து உடற்சூட்டில் சற்று வெதுப்ப வேண்டும். இருமல் மருந்தோடு வந்த அளவு மூடி ஒன்றை வைத்திருந்தார். சோற்றுக்கு இத்தனை மூடி, பருப்புக்கு இத்தனை மூடி என்று அளந்து ஊற்றுவார். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மூடி கூடுதலாகச் சேர்ப்பார். “இது காத்துக்கு அம்மிணி. அது குடிக்காம உடாது” என்பார். எரிபொருளைக் குறைப்பதற்காகப் பருப்பை நடக்கும்போதே டப்பாவில் ஊறவைப்போம். சோறு பாதி வெந்ததும் பானையை இறக்கித் துண்டில் சுற்றி வைத்துவிட்டு ஓத உட்கார்ந்தால், பதிகம் முடியும்போது சோறும் வெந்திருக்கும். எரியும் அடுப்பில் மறுபடி ஊற்றக் கூடாது; பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது; வெயிலில் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. அடுப்பு எரிகிறதா என்று அறிய உள்ளங்கையை அதற்கு மேலே சற்று உயரத்தில் நீட்டிப் பார்க்க வேண்டும்.

இவை யாவற்றையும் அறிந்திருந்தவர் மறக்கத் தொடங்கினார். முதலில் தெருப் பெயர்கள் போயின. பிறகு அவரிடம் படித்தவர்களின் முகங்கள். பிறகு பதிகங்களின் இரண்டாம் அடிகள். முதல் அடியை எடுத்துவிட்டு, கிணற்றுள் வாளி விழுந்ததைப் பார்ப்பவர் போல் நிற்பார். கடைசியாக என் முறை வந்தது. சில காலைகளில் நான் அவருக்கு அம்மிணியாக இருந்தேன். மற்றக் காலைகளில், “ஏனுங்கம்மா, ஊட்ல யாருமில்லீங்களா?” என்று என்னிடமே மரியாதையாகக் கேட்டார்.

நாற்பதாண்டுக்கும் மேலாக உடன் வாழ்ந்தவரிடமிருந்து அந்த மரியாதையைப் பெறுவது எத்தகைய துன்பம் என்பதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. இறைவன் தன் அடியாரை அறியாதவன் போல் முகம் திருப்பிக்கொள்வதைப் பாடல்களில் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். அங்கே அது திருவிளையாடல். முடிவில் அவன் திரும்பிப் பார்ப்பான். இங்கே அவ்வாறு நம்ப இடமில்லை.

அந்த மாசியில் என் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். அவர் முற்றிலும் மறப்பதற்கு முன், இன்னும் ஒரே ஒரு முறை, நடந்து சென்று அந்தச் சந்நிதியில் அவரோடு நிற்க வேண்டும். நாங்கள் வழக்கமாக ஓதும் பதிகத்தை அவர் ஓத, நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

மகள் தொலைபேசியில் வாதாடினாள். “ஏம்மா, கார் வெச்சுட்டுப் போயிட்டு வாங்களேன். ரோடு கோயில் வாசல் வரைக்கும் இருக்குது. அப்பாவ அந்தக் காட்டுல எதுக்கு நடக்க வெக்கறீங்க?”

“கார்ல போனா அவரு வெறும் மூட்டை கண்ணு. நடந்தாத்தான் உங்கப்பா.”

“சமையலாச்சும் வேண்டாம்மா. வழியெல்லாம் கடை இருக்குது. சாமி கோவிச்சுக்காது.”

“சாமிக்காக இல்ல.”

சாமிக்காக மட்டும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சில வாரங்களுக்கு முன், பரணிலிருந்து அந்த அடுப்பை எடுத்து அவர் முன்னால் கொல்லையில் வைத்திருந்தேன். பழகிய வேலைகளைச் செய்ய விடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மிச்சமிருந்த பழைய ஸ்பிரிட்டை அளவு மூடியில் சிந்தாமல் ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்துக் காட்டி, உள்ளங்கையை உயர்த்திப் பிடித்தார். “புடிச்சிருச்சு அம்மிணி” என்றார். பல நாட்களாக அவர் வாயிலிருந்து வராத சொல். அந்த அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கும் வரை அவர் அவராகவே இருந்தார். ஸ்பிரிட் இல்லாமல் மலைக்குப் போக எனக்கு மனம் வராததன் காரணம் அதுதான்.

ஸ்பிரிட்டை நாங்கள் வாங்குவது அடிவாரத்து ஊர் ஒன்றில் உள்ள பெயிண்ட் கடையில். மர மெருகுக்கு அரக்குக் கரைப்பவர்களுக்காக விற்பது. கடைக்காரரை எல்லாரும் பாய் என்றே அழைப்போம். அவருடைய தந்தையார் காலத்திலிருந்தே அங்கே கடை.

“வாங்க சார், வாங்கம்மா! மாசி பொறந்துருச்சே, இன்னும் ஆளக் காணோமேன்னு நேத்துக்கூட ஊட்ல பேசிட்டிருந்தோம்” என்று எழுந்தார் பாய். ஒரு டின்னைத் திறந்து என் கணவர் பக்கம் நகர்த்தினார். “மோந்து பாருங்க சார். ‘என்ன பாய், ஆத்துத் தண்ணி கலந்துட்டீங்களா?’ன்னு வம்பிழுங்க. அது இல்லாம எப்படி யாவாரம் பண்றது?”

என் கணவர் வண்ண அட்டை ஒன்றைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்து, “உங்களுக்கு எந்த ஊருங்க?” என்று கேட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் டின்னை மூடிவிட்டார்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. இத நான் எப்படிக் குடுக்கட்டும்? வாயில பட்டா கண்ணு போயிரும்ங்க. உசுரும் போயிரும். எங்க வாப்பாவும் கடைசி காலத்துல இப்படித்தான் இருந்தாரு. எந்தப் பாட்டிலப் பாத்தாலும் தொறந்து வாயில வெச்சுக்குவாரு. ஷாம்பு ஒரு நாளு, பினாயிலு ஒரு நாளு. நாங்க தூங்கலீங்கம்மா.”

“பாட்டில் என் பையிலதான் இருக்கும் பாய். அவருகிட்டத் தரமாட்டேன்.”

“தண்ணி கணக்கா இருக்குதே, அதுதானுங்களே வெனை. கலரு போட்டுருங்க. நீலச் சாயம் தாரேன், ரெண்டு சொட்டு போதும். கண்டா யாரும் வாயில வெக்க மாட்டாங்க.”

இறைவனுக்குப் படைக்கும் சோற்றின் கீழ் பெயிண்ட் சாயம் எரிவதை என் மனம் ஒப்பவில்லை. “நான் மஞ்சள் கரைச்சுக்கறேன் பாய்” என்றேன்.

“மஞ்சளா?” என்று சற்றே யோசித்தார். “சரிங்கம்மா, கலரு தெரிஞ்சாச் சரி. சார் கைய மட்டும் உடாதீங்க.” மறுபடி டின்னைத் திறந்து அளந்து ஊற்றினார். வாசல் வரை வந்து, என் கணவரின் கையைத் தம் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

வீட்டில் கிழங்கு மஞ்சளை இழைத்து ஸ்பிரிட்டில் இட்டேன். தண்ணீரில் கலங்குவது போல் அது கலங்கவில்லை. தெளிவு குலையாமல் நிறம் மட்டும் இறங்கியது. மெல்லிய துணியில் வடித்து எடுத்தபோது, சாளரத்து வெயிலில் அந்தப் பாட்டில் பொன்னாக மின்னியது. இனி அவர் அதைத் தண்ணீர் என்று எண்ணமாட்டார் என்று நான் நிம்மதி கொண்டேன்.

முள்ளுக்குறிச்சியைத் தாண்டியதும் வனத்துறைச் சோதனைச் சாவடி. பையைச் சோதித்த காவலர் பாட்டிலை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“என்னங்கம்மா, மாரியாத்தா கோயில் மஞ்சத் தண்ணியா?”

“ஸ்பிரிட்டுங்க. அடுப்புக்கு.”

அவர் மூடியைத் திறந்து மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “அடேங்கப்பா! இத வெள்ளையா எடுத்துட்டு வந்திருந்தீங்கன்னா, சாராயக் கேசுன்னு எங்க ஆபீசரு உங்க ரெண்டு பேரையும் ஜீப்புல ஏத்தியிருப்பாரு. திருநீறப் பாத்தெல்லாம் உடமாட்டாரு” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மஞ்சத் தண்ணியா என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது, கருத்தில் விழவில்லை.

அன்று என் கணவர் நன்றாக நடந்தார். ஏற்றத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. குண்டூர் நாட்டில் ஒரு பலா மரத்தடியில் முதல் சமையல். பாட்டிலை நானே வைத்துக்கொண்டு அளவு மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதை அடுப்பில் ஊற்றிப் பற்றவைத்து, தட்டையான கற்களைக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தினார். சோறு வெந்துகொண்டிருக்கையில், நான் தொடங்காமலே, அவராகப் பதிகத்தை எடுத்தார். முதல் அடி வந்தது. இரண்டாம் அடியும் வந்தது. ஒரு பாட்டு முழுதும் வந்தது. நான் அசையாமல் இருந்தேன். அசைந்தால் அது நின்றுவிடும் என்று பயந்தேன். சந்நிதியில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவே. இன்னும் சிறிது தூரந்தான், இவரை இப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று பெருமானிடம் மன்றாடினேன்.

மறுநாள் உச்சி வேளையில் தேவனூர் நாட்டில் ஒரு மரவள்ளிக் காட்டை ஒட்டித் தங்கினோம். காட்டுக்காரரும் அவர் மனைவியும் மிளகு பறித்துக்கொண்டிருந்தார்கள். எங்களை ஆண்டுதோறும் பார்ப்பவர்கள். அந்தப் பெண் அருகில் வந்து குந்தி அடுப்பையே உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்கக்கா, தீயே காணோம். சோறு மட்டும் கொதிக்குது. என்ன மந்திரமுங்க இது?”

“தீ இருக்குது. பகல்ல தெரியாது.”

“எங்க ஊட்டுக்காரருக்கு இருக்கற கோவம் மாதிரி” என்றாள். அவர் கொடியில் ஏணி சாத்தியபடியே, “அது தெரியாமத்தான் தெனம் வந்து சுட்டுக்கறா” என்றார். மூக்கை உறிஞ்சிப் பார்த்து, “அய்யா, வாசத்தப் பாத்தா மலைக்குச் சரக்கு கொண்டாந்த மாதிரியல்ல இருக்குது! கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு இதுதானுங்களா பொழப்பு?” என்று என் கணவரைச் சீண்டினார். என் கணவர் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தாமும் சிரித்தார்.

சோறு வெந்ததும் இறக்கினேன். அடுத்துப் பருப்புக்காக ஸ்பிரிட்டை அளவு மூடியில் ஊற்றி வைத்துவிட்டுப் பாட்டிலை மூடிப் பையில் போட்டேன். அடுப்பு ஆறினால் அல்லவோ மறுபடி ஊற்றலாம்? அந்த இடைவெளியில் படையலை முடித்துவிடலாம் என்று இலையை விரித்துச் சோறு வைத்தேன். திருநீற்றுப் பையையும், வழியில் பறித்த பூக்களையும் பக்கத்தில் வைத்தேன். கண்களை மூடிக் கைகுவித்தேன்.

அந்த மூடி எங்கே இருந்தது என்பதை இப்போது என்னால் துல்லியமாகக் காண முடிகிறது. இலைக்கு வலப்புறம், பூவுக்கும் திருநீற்றுக்கும் அருகில். சிறிய கிண்ணம் போன்ற மூடி. அதில் தெளிந்த மஞ்சள் நீர். தெரு முழுதும் மறந்து, மகளை மறந்து, என்னை மறந்த மனிதர், படையல் முடிந்தால் தீர்த்தம் என்பதை மறக்கவில்லை. அம்மன் கோயில்களிலும் அபிஷேகம் முடிந்த சந்நிதிகளிலும் சிறு வயது முதல் அவர் கை ஏந்தி வாங்கிய நிறம் அது. தண்ணீராக இருந்திருந்தால் தாகமெடுத்தால்தான் குடித்திருப்பார். அதைத் தீர்த்தமாக்கி வைத்தது என் மஞ்சள்.

“அய்யோ, அய்யா!” என்ற அந்தப் பெண்ணின் அலறலில் கண் விழித்தேன். வலக்கையைக் குழித்து, அதில் ஊற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாய்க்குள் உறிஞ்சியிருந்தார். தொண்டை பற்றி எரிந்தவர் போல இருமினார், உமிழ்ந்தார். கண்களில் நீர் பெருகியது. அந்த நிலையிலும், உள்ளங்கையில் எஞ்சியதை வழக்கம் போலத் தலையில் தடவிக்கொண்டார்.

ஈரத் தலையோடு அவர் அடுப்பின் பக்கம் சாய்ந்தார். அதில் தீ மிச்சம் இருந்ததா, இல்லையா? பகலில் யாருக்குத் தெரியும்? காட்டுக்காரர் ஏணியிலிருந்து குதித்து ஓடிவந்து தண்ணீர்ப் பானையை அடுப்பின் மேல் கவிழ்த்தார். அந்தப் பெண் என் கணவரின் இடுப்பைப் பிடித்துத் தள்ளி இழுத்துப் போனாள். “சுடுது, சுடுது” என்று குழந்தை போல அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“முழுங்கிட்டாரா, துப்பிட்டாரா? பாத்தயா?” என்று காட்டுக்காரர் மனைவியிடம் கேட்டார்.

“பாதி துப்புனாருங்க. பாதி தெரியல.”

“வண்டியத் தொறக்கறேன், ஏத்து. அக்கா, எந்திரிங்க, சோறு கெடக்கட்டும்!”

மரவள்ளி ஏற்றும் வண்டியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் இளம் பெண். பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். அளவு மூடியைக் காட்டச் சொன்னார். யாரிடமோ தொலைபேசியில் பேசினார். “உள்ள போனது கொஞ்சம்தான்னு நெனைக்கிறேன். ஆனா பார்வை பாதிச்சா உடனே தெரியாதும்மா, நேரம் ஆகும். நாளைக்குக் காலை வரைக்கும் இங்கயே இருக்கணும். மங்கலா தெரியுதுன்னு சொன்னார்னா உடனே கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன்” என்றார்.

சொன்னார் என்றால். அவர் எப்படிச் சொல்வார்?

செவிலியர் அடிக்கடி வந்து விரல்களை நீட்டினார். “இது எத்தனைங்கய்யா?” என்று கேட்டார். என் கணவர் விரல்களைப் பார்ப்பார், பிறகு செவிலியரின் முகத்தைப் பார்ப்பார், சங்கடத்தோடு சிரிப்பார். எண்ணிக்கை அவரை விட்டுப் போய் ஓராண்டு ஆகியிருந்தது.

“தெரியலைங்கறாரா, மறந்துட்டாரா?” என்று செவிலியர் என்னிடம் கேட்டார்.

“எனக்கும் தெரியலம்மா.”

“‘நான் யாரு?’ன்னு நீங்களே கேளுங்க. உங்களத் தெரியுதா பாப்போம்.”

“அது கண்ணு நல்லா இருந்தப்பவே தெரியாது” என்றேன். செவிலியர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கட்டிலின் அருகில் உட்கார்ந்து ஓத முயன்றேன். துன்பம் வந்தபோதெல்லாம் எனக்குத் துணையாக இருந்தவை பாடல்களே. ஆனால் எந்தப் பதிகத்தைத் தொடங்கினாலும் எங்கேனும் ஓரிடத்தில் அந்த நஞ்சு வந்தது. உலகம் பிழைக்க நஞ்சை வாங்கி உண்டு, அதைக் கண்டத்தில் நிறுத்தியவன் என்று வந்தது. ஆயிரம் முறை கண்ணீர் மல்கப் பாடிய இடம். அன்று அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் நா நின்றது. நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தத் தெரிந்தவன் அவன். அவனுடைய தீர்த்தம் என்று நம்பிக் குடித்தவர் இவர். இவருக்கு எங்கே நிற்கும் அது? நான் ஓதுவதை விட்டுவிட்டு அவருடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது விடிந்தபோது அவர் விழித்திருந்தார். போர்வையின் மேல் ஒரு சிற்றெறும்பு ஊர்ந்து போயிற்று. அவர் குனிந்து அதைப் பார்த்தார். அதன் போக்கில் விரலை வைத்து, விரலில் ஏறவிட்டு, மெதுவாகக் கட்டில் கம்பியில் இறக்கிவிட்டார். நான் ஓடிப்போய்ச் செவிலியரை அழைத்து வந்தேன். என் கணவரின், பட்டறையில் வேலை பார்த்த கண்கள் அப்படியே இருந்தன. மருத்துவரும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணுக்கு ஒண்ணும் ஆகலம்மா. கூட்டிட்டுப் போங்க. ஆனா இனிமே இந்த மாதிரி…” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டார்.

எஞ்சிய ஸ்பிரிட்டை நிலையத்தின் பின்புறம் வெறும் மண்ணில் ஊற்றினேன். வெயிலில் கணப்பொழுதில் உலர்ந்துபோய், மண்ணில் மஞ்சள் மட்டும் நின்றது.

காட்டுக்காரர் வண்டியோடு வந்திருந்தார். அவர் மனைவி தூக்குவாளியில் சாமைச் சோறும் கீரைக் கடைசலும் கொடுத்தனுப்பியிருந்தாள். நேமத்தைப் பற்றி நான் எண்ணவே இல்லை. அவருக்கு ஊட்டினேன், நானும் உண்டேன்.

“ஏனுங்கக்கா, நான் கோயில் ரோட்டுலதான் சந்தைக்குப் போறேன். இவ்வளவு தூரம் வந்துட்டு சாமியப் பாக்காமப் போவீங்களா? அய்யாவ எறக்கிக் கும்பிட வெச்சுட்டுப் போலாம், வாங்க” என்றார்.

அப்படித்தான் போனோம். நடந்து அல்ல, மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து. சந்நிதியில் கூட்டம் இல்லை. குருக்கள் தீபம் காட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் பதிகத்தை எடுக்கவில்லை. முதல் அடியை நான் மெல்ல எடுத்துக் கொடுத்தேன். இனிய குரலில் யாரோ பாடுவதைக் கேட்பவர் போல என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் வேண்டுதலில் எனக்குக் கிடைத்தது அவரோடு நின்றதுதான். அதுவே போதும் என்று மனத்தைத் திருப்பிக்கொண்டேன்.

குருக்கள் தீர்த்தம் கொண்டுவந்தார். என் கணவர் அந்தச் செம்பைப் பார்த்தார். முகம் மாறியது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“வாங்கிக்குங்கோ பெரியவரே” என்றார் குருக்கள்.

“வேண்டாமுங்க சாமி. சுடும்.”

“தீர்த்தம் எப்படிச் சுடும்? குளுகுளுன்னு இருக்கும், கையை நீட்டுங்கோ.”

அவர் இன்னும் ஓரடி பின்வாங்கினார். நேற்று உண்டது நினைவில்லை. தங்கிய இடம் நினைவில்லை. காட்டுக்காரர் யார் என்று தெரியவில்லை. அத்தனையும் உதிர்ந்த இடத்தில் அந்த ஓர் எரிச்சல் மட்டும் தங்கியிருந்தது. பிறவி முழுதும் கை ஏந்தியவர், இறைவனிடம் கை ஏந்த அஞ்சினார்.

குருக்கள் என்னைப் பார்த்தார். அவருக்கும் சேர்த்து நான் வாங்கிக்கொள்வதாக நினைத்துக் கையைக் குழித்து நீட்டினேன். தீர்த்தம் உள்ளங்கையில் விழுந்தது. வாய்க்குக் கொண்டுபோகையில் என் கணவர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பற்றினார். பட்டறையில் இயந்திரத்துக்குள் போகவிருந்த மாணவர் கையைப் பற்றியது போன்ற பிடி. தீர்த்தம் முழுதும் தரையில் சிந்தியது.

“குடிக்காதீங்கம்மா, சொன்னாக் கேளுங்க” என்று என் முகத்தருகே வந்து கெஞ்சினார். பிறகு குருக்களின் பக்கம் திரும்பி, “யாரோ பாவம், தனியா வந்திருக்கற அம்மா. இவங்களுக்குக் குடுக்காதீங்க சாமி. தொண்டையெல்லாம் வெந்துபோயிரும்” என்றார்.

குருக்கள் செம்போடு நின்றார். மறுபடி கையை நீட்டச் சொல்லி என்னை அவர் வற்புறுத்தவில்லை. என் கணவர் தம் வேட்டித் தலைப்பால் என் உள்ளங்கையை ஈரம் போகத் துடைத்தார். விரல் இடுக்குகளையும் விடாமல் துடைத்தார். துடைத்து முடித்தும் கையை விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, “வாங்கம்மா, உங்க ஊடு எங்கன்னு சொல்லுங்க, கொண்டுபோய் உட்டுட்டு வாரேன்” என்றார்.

நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் என்னை அழைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.